கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, ஒரு ஜப்பான் எதிரியுடன்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறார்கள். ரயில் நிமிடம் பிசகாமல் வந்ததாம், தெருவில் குப்பையே இல்லையாம், கடைக்காரர் இடுப்பு வளையக் கும்பிட்டாராம். படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் எனக்கு வெளியூர் என்றால் கோயம்புத்தூர்தான். ஆனால் போன சனிக்கிழமை ஜப்பானே என்னோடு கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர், அரசுப் பேருந்தில், நின்றுகொண்டே. அந்த யோகம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

காலை ஆறு மணிக்கே வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. செந்தில் என் மனைவி கவிதாவின் தம்பி, எனக்கு மச்சான். மாமனாரும் அவனும் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரில் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறான் என்பது என் மாமனாரின் கருத்து. செந்திலைக் கேட்டால், வீடியோ கேமுக்கு எதிரிகளை வரைவதாகச் சொல்வான். விளையாடுகிறவன் கோட்டைக்குள் நுழையப் போகும்போது வாசலில் வாளோடு மறித்து நிற்பானே, அந்த மாதிரி ஆள். சென்னையில் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று, பழைய காலத்து ஜப்பான் கோட்டையை வைத்துப் புதுசாக ஒன்று செய்கிறது. அதில் இரண்டாம் வாசல் காவலன் இடம் காலி. படம் மட்டும் அனுப்பினால் போதாதாம். உடுப்பைத் தைத்து, கவசம் செய்து, போட்டுக்கொண்டு நேரில் நடந்து காட்ட வேண்டும். துணி எப்படி ஆடுகிறது, கவசம் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்களாம். பிடித்துப்போனால் வரைந்தவனுக்கே வேலை. இடம் சிதம்பரம் அண்ணாமலை நகர், நேரம் பதினொரு மணி.

மாமனார் சும்மா இருக்கிற ஆளில்லை. யார் யாரையோ பிடித்து, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மகனுக்கு ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை வாங்கிவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். நீலச் சட்டை இரண்டு தைத்து இஸ்திரி போட்டுச் செந்திலின் அறைக் கதவில் தொங்கவிட்டிருக்கிறார். அவன் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் சட்டை முகத்தில் இடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, நாளைக்கு அவன்கூட நீங்க போய்ட்டு வாங்க. ஆசை தீந்துடும். திங்கக்கெழம சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவட்டும். பத்திரமா இட்டாந்துருங்க."

"கெடச்சுட்டா, மாமா?" என்றேன்.

அவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் இருந்த இடத்தில் வட்டமாகத் தரை மட்டும் தெரிந்தது. டிரம்தான் கவசமாகிவிட்டதே. செந்தில் அதைத் தகடு தகடாக அறுத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கட்டிலுக்குப் பின்னுகிற சிவப்பு நாடாவால் கோத்திருந்தான். மார்புக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, இடுப்பைச் சுற்றித் தொங்க ஐந்தாறு. என் பழைய ஹெல்மெட்டுக்குப் பின்கழுத்து மறைக்கிற மாதிரி தகட்டு வரிசை வைத்திருந்தான். நெற்றியில் காசு மாதிரி தங்க நிறம் அடித்த சின்ன எவர்சில்வர் மூடி. முகத்துக்கு யோகா பாயில் வெட்டிய கோர முகமூடி. இத்தனையும் கழன்று விழாமல் இருக்கத் தாடைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணிக் கட்டு. காலுக்கு நாடா வைத்த புல்செருப்பு, இடுப்பில் மரவாள்.

உள்ளே போடுகிற துணிகளுக்குத்தான் நாய்படாத பாடு பட்டோம். கீழே, கொசுவம் கொசுவமாக விரிகிற கால்சட்டை. ஆண்கள் தையற்கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேண்ட்டா பாவாடையான்னு மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கடைசியில் கவிதாவுக்கு ஜாக்கெட் தைக்கும் அமுதா அக்கா ஏற்றுக்கொண்டார். கொசுவம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேல்சட்டைக்குப் பட்டன் கிடையாது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் மடித்து உள்ளே ஒரு நாடா, வெளியே ஒரு நாடா கட்ட வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலம் முழுக்கப் பெண்களுக்குத் தைத்த கை, தன் வழக்கப்படி தைத்துக் கொடுத்துவிட்டது.

கட்டிவிடுவது கவிதாவின் பொறுப்பு. வீடியோ பார்த்துப் பார்த்து எல்லா முடிச்சுகளையும் அவள்தான் கற்றிருந்தாள். ஆறுக்கு ஆரம்பித்து எட்டே காலுக்கு முடித்தாள். அவளுக்கு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை. ஆகவே வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் உண்டு. இடையில் அவிழ்த்தால் திரும்பக் கட்ட ஆளில்லை. "மாமா, தண்ணி குடிக்கச் சொல்லாதீங்க, அப்பறம் கஷ்டம்" என்றான் செந்தில் முகமூடிக்குள்ளிருந்து. மாமனார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தார். மகனை ஒரு தடவை எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

எட்டரைக்கு வாடகைக் கார் வந்தது. தோள் தகடு கதவுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினோம், கால் முதலில் விட்டோம், முதுகு முதலில் விட்டோம். டிரைவர் பொறுமையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல கேரியர்ல படுக்க வெச்சுக் கட்டிறலாமா சார்?" என்றார். அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, என் கடையின் மூன்று சக்கர லோடு வண்டியில் பம்ப்செட்டுகளை ஏற்றுகிற இடத்தில் மச்சானை நிற்க வைத்து, திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு ஓட்டினேன்.

எட்டு ஐம்பதுக்குச் சிதம்பரம் வண்டி. ஏறும்போது ஹெல்மெட் இரண்டு முறை இடித்தது. உட்கார முடியவில்லை. இடுப்புத் தகடுகள் மடங்காமல் முன்சீட்டுக்காரர் முதுகைக் குத்தின. பின்படிக்கட்டு ஓரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் எனக்கும் அவனுக்கும் தலைக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மரவாளைப் பார்த்து, "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, உடுங்க. யாருங்க இவரு?" என்றார்.

"எதிரி" என்றேன்.

"யாருக்கு?"

"வீடியோ கேம்ல எதிரி. ஜப்பான் போர்வீரன்."

பக்கத்து சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "ஏம்பா, கட்டுனதுதான் கட்டுன, ஹீரோ வேஷம் கட்டக் கூடாதா?"

"ஹீரோவ கம்பெனியே வரைஞ்சுடுச்சுங்க. எதிரிதான் காலி இருந்துச்சு" என்றது முகமூடி.

பெரியவருக்கு அது நியாயமாகப் பட்டது. "எங்க போனாலும் வேல அப்புடித்தான் இருக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதுநகர் தாண்டிச் சிப்காட் நெருங்கியதும் எனக்கே தோன்றாத ஒன்று நடந்தது. முன்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண் விழித்து, வெளியே ரசாயன ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தார். திரும்பி, உள்ளே முகமூடி போட்டுத் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தார். "கேஸ் லீக்கா?" என்றார். அவ்வளவுதான். படபடவென்று ஜன்னல்கள் இறங்கின. துண்டு, முந்தானை, கைக்குட்டை, கிடைத்ததெல்லாம் மூக்குக்குப் போயிற்று. ஒரு காற்றும் இல்லை, ஒரு நாற்றமும் இல்லை. ஆனாலும் ரெண்டு பேர் இருமினார்கள். கண்டக்டர் முன்னும் பின்னும் ஓடி, "ஒண்ணுமில்லங்க, அவரு எதிரி, எதிரி" என்று கத்தினார். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

அமளி அடங்கிய நேரம், மாமனார் வேலை பார்த்து வைத்திருந்த கம்பெனியின் கேட் வந்தது. நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, கேட் மறையும்வரை திரும்பியபடியே இருந்தது.

"மாமா, இன்னிக்கு ஆவலன்னா நான் அப்பாகிட்ட ஒண்ணும் பேச மாட்டேன். திங்கக்கெழம சட்டையப் போட்டுக்கிறேன். வரையறதையும் உட்டுர்றேன்" என்றான்.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவரை எனக்கு இது ஒருநாள் கூத்து. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தகடு எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஆலப்பாக்கத்தில் ஓர் அம்மாள் ஏறினார். ஐம்பது வயதிருக்கும், கையில் மஞ்சள் பை. செந்தில் பக்கத்தில் வந்து நின்றவர், சட்டென்று ஓரடி தள்ளிப்போனார். "ஒட்டாம நில்லு தம்பி, எழவு வீட்டுலேர்ந்து வரேன். இன்னும் தல முழுவல" என்றார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினார். பார்வை நெற்றியில் நின்றது, தாடைக்கு இறங்கியது, திரும்ப நெற்றிக்கு ஏறியது.

"இன்னா தம்பி இது. நெத்தியில காசு வெச்சிருக்கு, வெள்ளத் துணியில தாடைக்கட்டு கட்டியிருக்கு. இப்பதான் அங்க என் நாத்தனார் ஊட்டுக்காரருக்கு இதே மாதிரி கட்டிட்டு வரேன். உனக்கு யாரு கட்டுனது?"

"எங்க அக்காங்க."

"கூடப் பொறந்தவளா?" அவருக்கு மனசு ஆறவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். புல்செருப்பின் நாடா கட்டைவிரலைச் சுற்றி முடிச்சிட்டிருந்தது. "கால் கட்டைவெரலயும் கட்டியாச்சா. இனி தூக்க வேண்டியதுதான் பாக்கி."

நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்படி ஒரு வார்த்தை. எனக்குக் கோபம் வந்தது. "இது ஜப்பான் உடுப்பும்மா. அங்க வீரனுங்க இப்புடித்தான் கட்டுவாங்க" என்றேன் கொஞ்சம் விறைப்பாக.

"கட்டட்டும், வேணாங்கல. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாக் கட்டையும் அவுத்து உட்டுருங்க. கட்டோட அனுப்புனா ஆவி போவாது, வாசப்படியிலயே நிக்கும்." இதைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து எனக்கும் ஒரு கை கொடுத்தார். கோபத்தோடேயே வாங்கித் தின்றேன். வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் அவர் தன் நாத்தனார் வீட்டுக்காரரின் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். செந்தில் முகமூடியை அவர் பக்கமே திருப்பி வைத்திருந்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பத்தேகால், சிதம்பரம். கோபுரத்தைப் பார்த்து அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆட்டோவில் செந்திலை நெடுக்காகச் சாய்த்து ஏற்றினோம். கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாமலை நகருக்கு நூறு ரூபாய் கேட்ட டிரைவர், "கூத்தா சார்? எந்த ஊரு ஜமா?" என்று விசாரித்தார். விளக்கம் சொல்லித் தெம்பு போயிருந்ததால், ஆமாம், மஞ்சக்குப்பம் ஜமா என்றேன். கூத்துக்காரர்கள் என்றதும் எண்பதுக்கு இறங்கிவிட்டார்.

தேர்வு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின முகூர்த்தத்து வாழைமரம் இன்னும் வாசலில் நின்றது. காவலாளி பழக்க தோஷத்தில், "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" என்றார். மணமேடையில் மூன்று நாற்காலி போட்டு நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே எட்டு எதிரிகள் வரிசையில் காத்திருந்தார்கள். ஹாஸ்டல் மாணவர்கள் இருவர் வெளியூரிலிருந்து வரவழைத்த உடுப்பில் பளபளவென்று இருந்தார்கள். எங்கள் ஆள் அசைந்தால் டிரம் சத்தம் கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். செந்தில் மேடையில் நடந்தான். கொசுவம் விரிந்து அடங்கி விரிந்தது. அமுதா அக்கா அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். நடுவர்களில் ஒருவர் நிவேதா என்ற பெண். ஜப்பானில் ஆறேழு வருடம் இருந்தவராம். எழுந்து வந்து அவனைச் சுற்றிப் பார்த்தார். கழுத்தருகே மார்புத் தகட்டைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது ஏன் வலது பக்கம் மேல வந்திருக்கு?"

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். ஜப்பானில் ஆணானாலும் பெண்ணானாலும் இடது பக்கத்தைத்தான் மேலே மடிப்பார்களாம். வலது பக்கம் மேலே வருவது பிணத்துக்கு மட்டுமாம். "குழந்தைக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம். கோட்டைக் காவலனுக்கு இப்படிப் போட்டுவிட்டா அங்க எல்லாரும் சிரிப்பாங்க."

ஜப்பான் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஹாஸ்டல் எதிரிகள் அங்கேயே சிரித்தார்கள். இன்னொரு நடுவர் தாளில் ஒரு பெயரை அடித்தார். எனக்குக் கண் முன்னால் கதவில் தொங்கும் நீலச் சட்டைதான் தெரிந்தது. மச்சானை வண்டியேற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும் என்று மேடைப் படி வரைக்கும் போய்விட்டேன்.

செந்தில் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டான். வேர்வையில் முகம் குளித்திருந்தது.

"எனக்குத் தெரியாது மேடம். லேடீஸ் டெய்லர் தெச்சாங்க, ஜாக்கெட்டுக்கு மடிக்கிற மாதிரி மடிச்சுட்டாங்க. நானும் பாக்கல. தப்பு என்னோடதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஆனா பஸ்ல ஒரு அம்மா வந்தாங்க. அவுங்களுக்கு ஜப்பான்லாம் தெரியாது. நெத்தியில காசு, தாடைக்கட்டு, கால் வெரல்ல கட்டு, எல்லாம் பாத்துட்டு எங்க ஊர் வழக்கப்படி நான் பொணம்னாங்க. இப்ப நீங்க ஜப்பான் வழக்கப்படியும் பொணம்ங்கறீங்க. ரெண்டு ஊர்லயும் சொன்னா அது சரியாதான் இருக்கும். இவன் செத்துட்டான் மேடம். இவனுக்கு மட்டும் யாரும் சொல்லல. அதான் இன்னமும் வாசல்லயே நிக்கிறான்."

மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, செத்தவனை எப்படிக் கொல்றது? பிளேயர் என்ன பண்ணணும்?" என்றார் நிவேதா.

"வெட்டுனா விழ மாட்டான் மேடம். எத்தன வெட்டு வெட்டுனாலும் நிப்பான். கிட்ட போயி கட்ட அவுக்கணும். தாடைக்கட்டு, கால் கட்டு, ஒண்ணொண்ணா. கடைசிக் கட்டு அவுந்ததும் வழி உட்டுருவான்."

அந்த அம்மாளிடம் வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்ட பேச்சுதான். நான் கோபப்பட்டேன், இவன் எதிரியைத் திருத்தி வரைந்துகொண்டு வந்திருக்கிறான். நிவேதா நாற்காலிக்குத் திரும்பவில்லை. மேடையிலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு தாளில் அந்தக் காவலனை வரைந்து காட்டச் சொன்னார். அவனால் உட்கார முடியாததால் நான் தாளைப் பிடித்துக்கொள்ள, நின்றுகொண்டே வரைந்தான். இரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை செந்தில் சென்னையில் இருக்க வேண்டும். உடுப்பையும் அப்படியே, ஒரு நாடாகூட வெட்டாமல், கொண்டுவரச் சொன்னார்கள். மடிப்பையும் மாற்றக் கூடாதாம்.

நாடாவை வெட்டக் கூடாது என்றதால் திரும்பும்போதும் அதே கோலம். கவிதா போட்ட முடிச்சு எனக்கு அசையவில்லை. குழாய் வைத்து ஒரு மோர் மட்டும் குடிக்கக் கொடுத்தேன், அதையும் பயந்து பயந்து குடித்தான். திரும்பும் வழியில் சிப்காட்டில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை, ஏனென்றால் ஏறியவுடன் நானே எழுந்து நின்று எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேலை கிடைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஐந்தரைக்கு வீடு. கவிதா இன்னும் வரவில்லை. மாமனார் கூடத்தில் நின்றிருந்தார். அந்த உடுப்பில் மகனை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். டிரம்மைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்வையும் அந்த அம்மாளின் பார்வை போன வழியே போயிற்று. நெற்றி, தாடை, கால் விரல். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, கெடச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க மாப்ள" என்று கையைக் காட்டிவிட்டு மகனிடம் போனார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. முதலில் தாடைக்கட்டில் கை வைத்தார். முடிச்சு வரவில்லை. நகத்தால் பார்த்தார், கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு, முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்து மகனின் கட்டைவிரல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கட்ட ஒரு கவிதா வேண்டியிருந்தது, அவிழ்க்க இவர் ஒருவரே போதுமாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி நாடாவும் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். "என்னா சொன்னாங்க?"

"கெடச்சிருச்சுப்பா."

அவர் கையிலிருந்த நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். "அந்த கேம்ல இவன எப்புடி செயிப்பாங்க?"

"இதே மாதிரிதாம்பா. இப்ப நீங்க பண்ணீங்களே, அப்படி."

மாமனார் எழுந்துபோய்க் கதவில் தொங்கிய நீலச் சட்டைகளை எடுத்துவந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் என் தோளில் ஒன்றை வைத்து அளவு பார்த்தார். "கடைக்குப் போட்டுக்கிட்டுப் போங்க மாப்ள. துணி வீணாவக் கூடாது" என்றார்.

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் விசிறியும் பொம்மையும் கொண்டுவருகிறார்கள். எனக்குக் கிடைத்தது நீலச் சட்டை இரண்டு. தோள் சரியாக இருக்கிறது, வயிற்றில் கொஞ்சம் இறுக்கம். முதல் நாள் போட்டுக்கொண்டதும் கண்ணாடி முன் நின்று இடது பக்கம்தான் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். வந்தது. பட்டனைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கடையைத் திறக்கப் போனேன்.